நாகமலை அடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம்

கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு மதுரைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகப் போவார்கள். அடிவாரத்து ஆலமரத்தடியில் தாமரைக் குளத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கலாம். கால் வலித்தாலும் பரவாயில்லை என்பவர்கள் மேலே ஏறி, செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரலாம். 1970களின் பிற்பகுதியில் வேறொரு காரணத்துக்காகச் சிலர் அந்த மலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போனது வௌவால் பார்க்க.

மதுரைப் பல்கலைக்கழக உயிரியலாளர்களான எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரிடம் இருந்த கேள்வி எளிமையானது. வெளிச்சம் எட்டிப்பார்க்காத குகை உள்ளறையில் தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு, வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? பூச்சி தின்னும் சிறு வௌவால் ஒன்றைக் கூண்டில் அடைத்து, குகைக்குள் அதன் கூட்டத்தார் நடுவிலேயே வைத்தார்கள். கூண்டின் அசைவைக் கருவி பதிவு செய்துகொண்டே இருந்தது. கூட்டம் அந்தியில் இரைதேடக் கிளம்பும் நேரத்துக்கு, கூண்டுக்குள் இருந்ததும் பரபரக்கத் தொடங்கியது. நாள் தவறாமல் அப்படியே நடந்தது. அதே இனத்து வௌவாலைக் கூட்டம் இல்லாத குகையில் தனியே வைத்தபோதோ அதன் உடற்கடிகாரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, ஊர்ப்பொழுதை விட்டு விலகிப்போனது. இருட்டில் கிடக்கிற உயிர் தன் இனத்தாரின் நடமாட்டத்தை வைத்தே பொழுதறிகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. ஜெர்மனியின் பழம்பெரும் அறிவியல் இதழான ‘நாதுர்விசென்ஷாஃப்டன்’ 1978இல் இதை வெளியிட்டது.

சந்திரசேகரன் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பியூனிங்கிடம் பயின்று திரும்பியவர். மதுரைக்கு வந்தபின் டூபிங்கனில் செய்ததையே இங்கும் செய்துகொண்டிருந்திருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை இருந்தது, குகை இருந்தது, ஜெர்மனியில் கிடைக்காத வெப்பநாட்டு வௌவால் இருந்தது. பின்னாளில், கடிகாரமும் பகலிரவும் தெரியாமல் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தையும் உடல் வெப்பத்தையும் கவனிக்கும் தனியறை ஒன்றும் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்தது. உடற்கடிகாரத்தின் மூலக்கூறு அடிப்படையைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தத் துறையின் இந்திய வரலாற்றைத் திரும்பிப் பார்த்தவர்கள் தேனிச் சாலையில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகம் வரைக்கும் வரவேண்டியிருந்தது.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. உலகமயக் கல்விச் சந்தையில் சிறிய பல்கலைக்கழகங்கள் எப்படிப் பிழைக்கும் என்ற பேச்சு வந்தாலே, அவை உலகத் தரத்துக்கு உயர வேண்டும், வெளிநாட்டுக் கூட்டுகளை நாட வேண்டும், தரவரிசையில் இடம்பிடிக்க வேண்டும் என்று அறிவுரை ஆரம்பித்துவிடுகிறது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் அறுபதாண்டு வாழ்க்கையைப் பார்த்தால் அது வேறு எதையோ சொல்கிறது. அது உலகத்தின் காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் பேசியது, வளாகத்தில் இருந்து ஒருநாளில் போய்த் திரும்பக்கூடிய ஓர் இடத்தைப் பற்றித்தான். அதை நோகடித்ததும் வெளிநாட்டுப் போட்டியாளர் யாரும் அல்ல. அதன் வருமானத்தைத் துண்டுதுண்டாக நறுக்கிய கத்தி சென்னையிலும் டெல்லியிலும் இருந்தது.

முதலில் ‘சிறிய’ என்ற சொல். நகரத்துக்கு மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து, நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிந்துகிடக்கும் வளாகத்தைச் சிறியது என்று மதுரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உலக அளவுகோலில் பரப்பளவுக்கு மதிப்பெண் கிடையாது. அங்கே சிறியது என்றால் பணத்தில் சிறியது, பெயரில் சிறியது, பேசும் மொழியில் சிறியது. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் அத்தனையும் சிறியவையே.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது சின்ன ஏற்பாடாக இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திடம் இருந்து தென்மாவட்டங்கள் அத்தனையையும் பிரித்து இதன் கையில் கொடுத்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவருக்குப் பின் மு. வரதராசனார் வந்தார், சில ஆண்டுகள் கழித்து வ.சுப. மாணிக்கம். தமிழறிஞர் மூவரைத் துணைவேந்தர் நாற்காலியில் உட்காரவைத்த பல்கலைக்கழகம், அதே காலத்தில் உயிரியலிலும் வேதியியலிலும் நாட்டின் முன்வரிசைக்கு வந்தது என்பதை இன்று யோசித்துப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. தமிழுக்கும் அறிவியலுக்கும் இடையே பங்காளிச் சண்டை இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் அப்போது முடிவு செய்திருக்கவில்லை. 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது துணைவேந்தர் வ.சுப. மாணிக்கம். 1980களில் உயிரித்தொழில்நுட்பப் பட்டமேற்படிப்பைத் தொடங்க மத்திய அரசு தேர்ந்தெடுத்த முதல் சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. நாடு முழுவதற்குமான நுழைவுத் தேர்வை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் நடத்தியது. அதில் தேறிய வங்காளிகளும் பஞ்சாபிகளும் நாகமலை அடிவாரத்து விடுதிக்கு வந்து சாம்பாருக்குப் பழகினார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுவது, கண்மாயைப் பற்றி எழுதும்போது வரத்துக்கால்வாயைச் சொல்லாமல் விடுவது போல.

ஆய்வுத் திட்டங்களுக்கான பணம் டெல்லியில் இருந்து வந்தது. அன்றாடப் பிழைப்புக்கோ மூன்று வரத்துக்கால்வாய்கள் இருந்தன. ஒன்று, மாநில அரசின் தொகுப்பு மானியம். அது சம்பளத்தை முழுதாக ஈடுகட்டாது. இரண்டாவது, இணைப்புக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும் அவற்றின் மாணவர்கள் கட்டும் தேர்வுக் கட்டணமும். விருதுநகரில் பி.காம். படிக்கும் பையன் ஒவ்வொரு பருவத்திலும் கட்டும் தேர்வுக் கட்டணத்தின் ஒரு துளி, வளாகத்தில் வௌவால் ஆய்வு நடக்கும் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுத்தது என்றால் மிகையாகாது. மூன்றாவது, 1971இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி.

மதுரைப் பக்கம் அதை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘கரஸ்’ என்பார்கள். ‘கரஸ்ல பி.ஏ. முடிச்சிட்டேன்’, ‘கரஸ்ல எம்.ஏ. போட்டிருக்கேன்’. அஞ்சலில் பாடப் புத்தகக் கட்டு வரும். விடுமுறை நாளில் நேர்முக வகுப்பு இருக்கும். ஆண்டுக் கடைசியில் ஏதாவது ஒரு கல்லூரியில் தேர்வு மையம் போடுவார்கள். இடைநிலை ஆசிரியர், காவலர், பேருந்து நடத்துநர், மில் தொழிலாளி, பதினெட்டில் கல்யாணமாகி இருபத்தெட்டில் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்த பெண் என்று அதில் படித்தவர்களின் பட்டியல் தென்தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் உருவான கதைதான். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று கேட்ட அரசு, அந்தப் பட்டத்தை வேலையை விடாமல் வாங்க வழியில்லாமல் வைத்திருந்த இடைவெளியை இந்தப் பல்கலைக்கழகம் நிரப்பியது. வளாகத்துப் பேராசிரியர்களில் சிலர் ‘கரஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். ஆனால் அவர்களுடைய ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாயில் அந்தப் பணமும் இருந்தது.

பிறகு நறுக்கல் தொடங்கியது. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். 1985இல் காரைக்குடியில் அழகப்பா. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார். அதோடு நெல்லையும் குமரியும் போயின. மருத்துவக் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் சட்டக் கல்லூரிகள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் போயின. 2001 வாக்கில் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போனபோது தியாகராசர் பொறியியல் கல்லூரியும் போனது. பி.எட். கல்லூரிகளுக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்தது. இன்று மிச்சமிருப்பது மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள். அவற்றிலும் பழைய பெரிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுவிட்டன; கேள்வித்தாளை அவையே தயாரித்து, தேர்வையும் அவையே நடத்திக்கொள்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது பட்டச் சான்றிதழில் கையெழுத்து.

ஒவ்வொரு பிரிப்புக்கும் தனியே நியாயம் உண்டு. நாகர்கோவிலில் இருந்து மதிப்பெண் பட்டியலுக்காக நாகமலை வரைக்கும் அலைந்தவர்களுக்கு நெல்லைப் பல்கலைக்கழகம் வரப்பிரசாதம். மருத்துவக் கல்விக்குத் தனி அமைப்பு வேண்டும் என்பதிலும் தவறில்லை. எனக்குள்ள குறை ஒன்றுதான்: வருமானம் கொடுக்கும் கிளைகளை வெட்டியவர்கள், அந்த வருமானத்தில் வளர்ந்துகொண்டிருந்த வேருக்கு வேறு தண்ணீர் விடவில்லை. ஓய்வூதியச் சுமை வெட்டுப்படவில்லை. ஐம்பதாண்டுகளுக்கு முன் பெரிய பல்கலைக்கழகமாக இருந்தபோது வேலைக்கு எடுத்தவர்களின் ஓய்வூதியத்தை, சுருங்கிப்போன பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கி நடத்தும் பொறுப்பும் சில காலம் தலையில் விழுந்து, பிறகு அவை அரசுக் கல்லூரிகள் ஆயின.

அஞ்சல்வழிக் கல்விக்கு அடி வந்தது டெல்லியில் இருந்து. மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் கறார் காட்டியது. 2017க்குப் பிறகு, கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் தேசிய அமைப்பான ‘நாக்’கின் மதிப்பெண் 4க்கு 3.26 இருந்தால்தான் தொலைநிலைக் கல்வி நடத்தலாம் என்று ஒரு கட்டத்தில் வரம்பு வைத்தார்கள். மையங்களில் முறைகேடு இல்லை என்று நான் வாதாட மாட்டேன்; தெருமுனையில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்துப் பட்டம் விற்றவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் முறைகேட்டுக்கு மருந்து கண்காணிப்பு. இங்கே கிடைத்ததோ வாய்க்கால் அடைப்பு.

விளைவு 2023, 2024 வாக்கில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆசிரியர்கள், அலுவலர்கள், ஓய்வூதியர்கள் ஆகியோருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், வளாகத்திலேயே போராட்டங்கள் நடந்தன. 2018இல் ஒரு துணைவேந்தரின் நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024இல் இன்னொருவர் பதவிக்காலம் முடியுமுன் விலகினார். நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியில் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் தலையில்லாமல் கிடந்த காலம் அது. விந்தை என்னவென்றால், இதே பல்கலைக்கழகத்துக்கு ‘நாக்’ கொடுத்திருந்தது அதன் மிக உயர்ந்த தகுதியான ‘ஏ++’. மதிப்பெண் பட்டியலில் முதல் வகுப்பு, வீட்டு உலையில் அரிசி இல்லை.

அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 2003இல் வந்த ஷாங்காய் தரவரிசை, நூற்றில் முப்பது மதிப்பெண்ணை நோபல் பரிசுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் ஒதுக்குகிறது. அந்த வரிசையில் தேனிச் சாலைக்கு இடம் கேட்பதே வேடிக்கை. நம் நாட்டு ‘என்.ஐ.ஆர்.எஃப்.’ வரிசை அதைவிட நியாயமாக இருக்கப் பார்த்தது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் முப்பது முப்பது, பட்டம் பெற்றவர்களின் நிலைக்கு இருபது, எல்லாத் தரப்பினரையும் உள்ளே கொண்டுவருவதற்குப் பத்து, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்குப் பத்து. கடைசி இரண்டையும் திரும்பப் படியுங்கள். உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் உள்ளே இருக்கிற கிராமத்தில் இருந்து, வீட்டின் முதல் பட்டதாரியைப் படிக்கவைத்து அனுப்புவதும், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதும் தராசில் ஒரே எடை. 2021–22 மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, நாடு முழுவதற்கும் 28.4. இந்த இடைவெளியைச் சாத்தியமாக்கியது ஐ.ஐ.டி. அல்ல. இணைப்புக் கல்லூரிகளும் அரசுக் கல்லூரிகளும் ‘கரஸ்’ஸும் சேர்ந்து தூக்கிய கல் அது.

ஆய்வை அளக்கும் முறையிலும் இதே கோணல். தொ. பரமசிவன் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வை ‘அழகர் கோயில்’ என்ற நூலாக 1989இல் பல்கலைக்கழகப் பதிப்புத் துறையே வெளியிட்டது. கோயில் பற்றிய நூல்கள் பொதுவாகக் கட்டடத்தையும் கல்வெட்டையும் தல புராணத்தையும் சொல்லி முடித்துக்கொள்ளும். அவர் கோயிலுக்கு வரும் மனிதர்களைப் பார்த்தார். கள்ளர், இடையர், வலையர், தாழ்த்தப்பட்டோர் என ஒவ்வொரு சாதியாருக்கும் அழகரோடு என்ன உறவு, எந்த மரியாதை, எந்த மனக்குறை. அழகர் ஏன் கள்ளர் வேடம் போட்டு ஆற்றுக்கு வருகிறார். பதினெட்டாம்படிக் கருப்பு எப்படி வாசலில் நிற்க வந்தார். வர்ணிப்புப் பாடுகிறவர்கள் யார் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நிற்கும் ஆளிடம் கேட்டு எழுதியது அது. அந்த நூலைப் படித்த பிறகு மதுரைக்காரர் யாரும், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

இதே நிலத்தைப் பற்றி வெளியார் எழுதியவையும் கனமானவை. பாரிஸில் இருந்து வந்த லூயி துய்மோன் பிரமலைக் கள்ளரிடையே தங்கி எழுதிய பெருநூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பற்றி லண்டன் மானுடவியலாளர் கிறிஸ்டபர் ஃபுல்லர் எழுதியதைக் கேம்பிரிட்ஜ் 1984இல் வெளியிட்டது. கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஆனந்த் பாண்டியன் எழுதியது 2009இல் அமெரிக்காவில் வந்தது. இவை எல்லாம் உலகத்து நூலகங்களில் இருக்கின்றன. மேற்கோள் கணக்கில் ஏறுகின்றன. ‘அழகர் கோயில்’ ஏறாது. அது தமிழில் இருக்கிறது, ‘ஸ்கோபஸ்’ பட்டியலில் இல்லாத ஒரு பதிப்புத் துறையில் வந்தது. ஆனால் துய்மோன் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கையில் எடுத்துப் படித்தது தொ.ப.வை. ‘தாக்கம்’ என்ற சொல்லுக்கு இது பொருள் இல்லை என்றால் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அதே தலைப்பில் ஒரு மாணவர் ஆய்வுக்கு வந்தால், கோயிலுக்குப் போகும் முன் எந்த இதழில் எத்தனை கட்டுரை என்ற கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். மானியக் குழு ‘கேர்’ என்று ஓர் இதழ்ப் பட்டியலைப் போட்டு, சில ஆண்டுகள் அதைச் சுற்றியே ஆய்வு மாணவர்களை ஓடவைத்து, 2025இல் அந்தப் பட்டியலையே கைவிட்டது. இடையில் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் பிழைத்தன.

உலகமும் உள்ளூரும் நேராகச் சந்தித்த இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. இதே பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன், மதுரைச் சுற்றுவட்டாரத்து மக்களிடம் ரத்த மாதிரிகள் திரட்டி மரபணு வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் இருந்து மனிதர் பரவிய வழியைத் தேடிய அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அவரோடு சேர்ந்தார். ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமில், எம்130 என்ற பழைய அடையாளம் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் காணப்படும் அடையாளம் அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலோரமாகவே நடந்து கிழக்கே போனவர்களின் சுவடு. 2005இல் நேஷனல் ஜியாகிரபிக் தொடங்கிய ‘ஜீனோகிராபிக்’ திட்டத்துக்கு இந்திய மையமாக மதுரைப் பல்கலைக்கழகம் அமைந்ததற்கு இந்த உழைப்பே அடிப்படை. ஊடகங்கள் இதை ‘இந்தியாவின் முதல் மனிதர்’ என்று ஊதின. சிலர் சாதிப் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓர் ஆணின் குரோமோசோமில் இருக்கும் ஒரு குறி சாதிக்குப் பட்டா ஆகாது. அதைச் சொல்லிப் புரியவைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தமிழில், உசிலம்பட்டி சந்தையில் நின்று சொல்லக்கூடியவர் வாஷிங்டனில் கிடைக்க மாட்டார்.

நிலத்தில் காலூன்றினால் போதும், பணம் தானே வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்பதற்கு வடக்கே திண்டுக்கல் சாலையில் சாட்சி இருக்கிறது. சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே சிறியது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் இருந்து முளைத்து, 1956இல் கிராமிய நிறுவனமாகி, 1976இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. அதன் லட்சியம் எவ்வளவு தேய்ந்தது என்பதைத் தனியாகப் பேசலாம். இங்கே எனக்கு வேண்டிய வேறுபாடு ஒன்றே: அதன் செலவை மத்திய அரசு ஏற்கிறது. சுமார் ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒரே சமவெளி, ஒரே வகைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றில் மட்டும் சம்பளத் தேதி தள்ளிப்போகவில்லை.

கிழக்கே இன்னொரு சாட்சி என் வாதத்துக்கே குறுக்கே நிற்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஆளுகை மதுரையைவிடக் குறைவு; சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள். அதுவும் மாநிலப் பல்கலைக்கழகம், அதே சட்டங்கள், அதே சென்னை. ஆனாலும் ‘நாக்’ மதிப்பெண் 3.64 வரைக்கும் எடுத்து, தொலைநிலைக் கல்வியையும் கைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அரசைக் குறைசொல்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பெரிய வீட்டில் வாழ்ந்த பழக்கத்தோடு சின்ன வருமானத்தில் குடும்பம் நடத்துவதுதான் மதுரையின் சிக்கல் என்று காரைக்குடிக்காரர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளைத்தனம் எங்களுக்குக் கொஞ்சம் குறைவு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரப்போகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருப்பவை இந்தியாவில் வளாகம் திறக்கலாம் என்று 2023 நவம்பரில் விதி வந்தது. அதற்குச் சற்று முன்பே தனி ஏற்பாட்டில் அனுமதி வாங்கிய டீக்கின், குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2024இல் வகுப்பைத் தொடங்கிவிட்டது. சவுத்தாம்ப்டன் 2025இல் குருகிராமில் வந்தது. மும்பையோடு சென்னையிலும் வளாகம் அமைக்க மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இவை வாங்கப்போவது லட்சங்களில் கட்டணம். மாநில அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதை நம்பிக் கல்லூரிக்கு வரும் பெண்ணை இவற்றோடு போட்டிபோட்டு இழக்கும் ஆபத்து நாகமலைக்குக் கிடையாது. ஆபத்து வேறு இடத்தில். அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுக்கும் இளம் ஆசிரியர் கௌரவ விரிவுரையாளராக, ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் நிற்கிறார். நகரத்துச் சாலையோரப் பலகைகளில் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’ பயிற்சி என்று போட்டிருப்பதைத் தினமும் படித்துக்கொண்டே பேருந்தில் போகிறவர் அவர். போவது அவராகத்தான் இருக்கும்.

மதுரைக்கு உலகமயக் கல்வி ஒன்றும் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிப் பின்னர் பசுமலைக்குக் கொண்டுவந்த பள்ளியில் இருந்து 1881இல் கல்லூரி பிறந்தது. 1909இல் அது தல்லாகுளம் பக்கம் வந்து அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. கேட்டி வில்காக்ஸ் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஓபர்லின் கல்லூரியில் இருந்து இளம் பட்டதாரிகள் ஆசிரியர்களாக வந்துபோனார்கள். அப்படி வந்த பால் லவ், இங்கேயே தங்கி ஆங்கிலப் பேராசிரியராகி, இந்திய ஆங்கில எழுத்துக்கென்று தனி ஆய்வு நூலகத்தை 1985இல் அமெரிக்கன் கல்லூரிக்குள் உருவாக்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் ஓராண்டு தங்கித் தமிழ் படிக்க மதுரைக்கு வந்தார்கள். அந்தப் போக்குவரத்தில் வந்தவர்கள் மதுரையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். இப்போதைய போக்குவரத்தில் பாடம் மட்டும் வருகிறது. எந்த ஊரில் இறக்கினாலும் ஒரே பெட்டி.

உலகத்தில் வேறு வழியும் இருக்கிறது. நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே டிரோம்சோ என்ற சிறு நகரம். வடக்கே வேலைசெய்ய மருத்துவர்கள் கிடைக்கவில்லை என்பதால் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தை அமைக்க நார்வே நாடாளுமன்றம் 1968இல் முடிவெடுத்தது. 1972இல் வகுப்புகள் தொடங்கின. அது ஆக்ஸ்ஃபோர்டு ஆக முயலவில்லை. துருவ ஒளியையும் குளிர்கடல் மீனையும் சாமி பழங்குடியினரின் மொழியையும் எடுத்துக்கொண்டது. இன்று ஆர்க்டிக் பற்றி யார் பேசினாலும் அங்கே போய்க் கேட்டாக வேண்டும். அதற்குப் பின்னால் அரசுப் பணம் தடையின்றி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் இறக்குமதி செய்தால் நமக்குப் பயன்படாது.

மதுரையின் ஆர்க்டிக் எது? மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. மலைகள், ஊற்றுகள், கண்மாய்கள், இருநூற்றைம்பது வகைப் பறவைகள், தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரை. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அரிட்டாபட்டியின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக மத்திய அரசு அறிவித்தது. ஊர்கள் கொதித்தன, டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, மேலூரில் இருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்த மூன்று மாதங்களில் தொலைக்காட்சியிலும் மனுக்களிலும் திரும்பத் திரும்ப வந்த தகவல்கள், எந்தப் பாறையில் எந்த வல்லூறு கூடு கட்டுகிறது, எந்த ஊற்று எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பவை, பெரும்பாலும் ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் சொந்தச் செலவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து சேர்த்தவை. வௌவாலின் பொழுதைக் குகைக்குள் இருந்தே எழுதிய துறை அதே மாவட்டத்தில் இருந்தது. அங்கே காலியான ஆசிரியர் இடங்களுக்கு ஆள் எடுத்து, பத்து மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஒரு ஜீப்பும் கொடுத்திருந்தால், இந்தப் பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்திருக்காது. நாகமலையில் இருந்து ஒரு டவுன் பஸ், மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூர்ப் பக்கம் இன்னொன்று. மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம்.